மொட்டை மாடியில் என் சோலார் தகடு

தொண்ணூறுகளில் திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கரண்ட் போனால் பில் போடும் மீட்டர் அணைந்துவிடும். பேச வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். அதனால் மொட்டை மாடியில் ஒரு சோலார் தகடு வைத்து, மீட்டரைப் பேட்டரியில் ஓடவிட்டேன். முதலில் சம்மதித்த கட்டட உரிமையாளர், தெருவே கேலி செய்ததும் மாறிவிட்டார்.

"இன்னாம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்கோ. கழட்டு!"

"சிரிக்கட்டும் சார். கழட்ட மாட்டேன்."

மறுநாள் என் கடை ஃபியூஸைப் பிடுங்கினார். மின்விசிறி நின்றது; மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உள்ளே ஒரு பெண் துபாயிலிருந்த கணவனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். உரிமையாளர் வாசலில் நின்று பார்த்தார். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். ஃபியூஸைத் திருப்பித் தரும்படி அவரிடம் கேட்கவே இல்லை.