அரை மெழுகுதிரி

"கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசலாம்" என்றது வானொலி. வீசும் என்று சொல்லித் தொலைத்தால் என்ன? இந்த 'லாம்' காதில் விழுந்தாலே எனக்கு மெழுகுதிரி வாசனை வந்துவிடும்.

குளச்சலில் கயிறு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அப்பா குமாஸ்தா. கம்பெனித் துரை படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து, வானிலையை ஊருக்கு வாசித்துச் சொல்வார். ஒருநாள் அம்மாவின் தம்பி சூசை மாமா துடுப்போடு வாசலில் வந்து நின்றார்.

"காத்து வருமா வராதா? ஒண்ணச் சொல்லும் அத்தான்."

"'வில்'லுன்னு போட்டிருந்தா கட்டாயம் வரும். 'மைட்'டுன்னா காலு. இதுல 'மே'ன்னு போட்டிருக்கான். பாதி வரும் மக்கா."

"பாதிக்குப் பயந்தா அடுப்பு எரியுமா?" என்று மாமா வள்ளம் தள்ளப் போய்விட்டார்.

மாதா படத்துக்கு முன்னால் ஏற்ற அம்மா மெழுகுதிரி எடுத்தாள். சற்று யோசித்தாள். "பாதிக் காத்துக்கு எதுக்கு முழுத் திரி?" என்று பிச்சாத்தியால் சரிபாதியாக வெட்டி ஒரு துண்டை ஏற்றினாள். மற்றதை உப்புப் பானைக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள்.

மத்தியானம் காற்று வந்தது. மாமா நனைந்த கோழி போல உயிரோடு கரை சேர்ந்தார். எங்கள் ஓலைக் கூரையில்தான் பாதியைக் காணவில்லை.

"நான்தான் சொன்னேனே, பாதின்னு" என்றார் அப்பா.

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்: "எம் மாதாவே, நீயும் இங்கிலீசு படிச்சிட்டியா?"

வானொலியை நிறுத்திவிட்டு மெழுகுதிரி ஒன்றை எடுத்தேன். முழுசாகவே ஏற்றினேன்.