இரண்டு சைக்கிளும் ஒரு நம்பரும்

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில், ஸ்பேனரும் கையுமாக நான் குந்தியிருந்தேன். சேலத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பழைய சைக்கிளைப் பார்த்தால் எந்தக் கம்பெனி, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் மொட்டைமாடிக்கு வீட்டுக்காரர் வைத்திருக்கும் பெயர் காயலான் கடை.

அன்று தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனவள் எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளர். மாசியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்துவிட்டது. குலதெய்வத்துக்கு வைத்த கையோடு முதலில் வைக்க வேண்டியது செம்மநத்தத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டில். அங்கே போகமாட்டேன் என்று அவள் அப்பா அடம்பிடித்தார். அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடம். காரணம், சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு சைக்கிள்.

அவளுடைய தாத்தா காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. ஓய்வு பெற்றபோது, அவர் முப்பது வருடம் ஓட்டிய சைக்கிளை எஸ்டேட்டே அவருக்குக் கொடுத்துவிட்டது. மகன்கள் இருவராயிற்றே என்று, அதனுடன் சேர்த்து வாங்கியிருந்த ஜோடி சைக்கிளை எஸ்டேட் கழித்துக்கட்டியபோது அதையும் வாங்கிப் போட்டார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் ஒரே பச்சை பெயின்ட் அடிப்பார். அவர் போன பிறகு மகன்களுக்கு ஆளுக்கு ஒன்று வந்தது. அப்பா ஓட்டியது என்னிடம் இருப்பதுதான் என்று அண்ணன் சொல்ல, இல்லை, என்னிடம்தான் என்று தம்பி சொல்ல, கருமாதி அன்றே வார்த்தை தடித்துப் போக்குவரத்து நின்றுவிட்டது.

கல்யாணப் பெண் விடவில்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, சைக்கிளைக் கொடுத்தபோது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எழுதிய சீட்டைக் கண்டெடுத்துவிட்டாள். அதில் சைக்கிளின் நம்பர் இருந்தது. எதில் அந்த நம்பர் இருக்கிறதோ அதுதான் தாத்தாவின் சைக்கிள், தோற்றவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி வரவேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கினாள். பெயின்டுக்கு அடியில் புதைந்த நம்பரைப் படிக்க ஒரு நாட்டாமை வேண்டுமே. அதற்குத்தான் நான்.

இளையவர் செம்மநத்தத்திலிருந்து ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் மிதித்தும் வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். வீட்டுக்குள் வரவில்லை. காபிப் பழம் காயப் போட்டிருந்த களத்தின் ஓரமாகவே நின்றார். அண்ணி கொடுத்தனுப்பிய காபியை மட்டும் மறுக்கவில்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். இரண்டிலும் ஹேண்டில்பாருக்குக் கீழே முன்குழாயில் இருந்த கம்பெனி வில்லை எப்போதோ விழுந்துவிட்டது. ஆனால் பெடல் சக்கரத்தில் வெட்டியிருந்த பறவை உருவமே கம்பெனியைக் காட்டிக் கொடுத்தது. பின்சக்கரத்தின் நடு ஹப்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததும் தயாரித்த வருடத்தின் எண் தெரிந்தது. இங்கிலாந்தில் செய்தவை, ஐம்பதுகளின் தொடக்கம் என்றேன். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி பெருமை. பிறகு உட்காரும் இருக்கைக்குக் கீழே ஃபிரேமில் தின்னரை ஊற்றித் தேய்த்தேன். பச்சைக்குள் பச்சையாக உரிந்து, மூத்தவரின் சைக்கிளில் நம்பர் தெளிந்தது. ரைட்டர் எழுதிய அதே நம்பர். இளையவருடையதில் கடைசி இலக்கம் வேறு.

பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேகத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். "நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே டீச்சர்" என்றார் மூத்தவர், தம்பி காதில் விழட்டும் என்று என்னிடம்.

இளையவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார். ஒப்புக்கொண்டபடி கல்யாணத்துக்கு வருவார், ஒரு மூலையில் உட்கார்ந்து எழுந்து போவார் என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கல்யாணப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவர் நான்கடி போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க பாத்தது ஃபிரேமுதானுங்க. சைக்கிள்னா வெறும் ஃபிரேமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என்மீதே சந்தேகமா என்ற கோபம் ஒரு பக்கம். அவர் கேட்டது நியாயம் என்பது இன்னொரு பக்கம். அந்தக் கம்பெனி ஒரே நம்பரை ஃபிரேமிலும் அடிக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் அடிக்கும். ஃபோர்க்கின் நம்பர் முன்குழாய்க்குள் மறைந்திருக்கும். கழற்றினால்தான் தெரியும். மலையிறங்கும் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் அதைத் தொடாமலேயே விட்டிருந்தேன்.

அவர் வாயை அடைக்கத்தான் கழற்றினேன். அடைபட்டது என் வாய். ரைட்டரின் சீட்டில் இருந்த நம்பர் இளையவரின் ஃபோர்க்கில் இருந்தது. மூத்தவரின் ஃபோர்க்கில் இருந்ததோ இளையவரின் ஃபிரேம் நம்பர். தாத்தாவின் சைக்கிள் பாதி நாகலூரிலும் பாதி செம்மநத்தத்திலும் இருந்திருக்கிறது.

"கழற்றிச் சுத்தம் செய்தபோது மாறிப் போயிருக்கும்" என்று அசடு வழிந்தேன்.

மூத்தவர் தலையை ஆட்டினார். "எங்கய்யன் மாத்தி மாட்டற ஆளே இல்லீங்க. ஒவ்வொரு நட்டையும் கழட்டுன வரிசையில பேப்பர்ல வெச்சு, எதோடதுன்னு எழுதி வெப்பாருங்க."

இளையவர்தான் ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்த்து முதல் வார்த்தை பேசினார். "அண்ணா, அய்யன் போறதுக்கு முந்தி, அந்த மழையில ரெண்டையும் பிரிச்சுப் போட்டுட்டு நாள் பூரா ஒக்காந்திருந்தாரே. நம்ம ஒருத்தரையும் கிட்ட வர உடலையே."

"ஆமாண்டா. நொம்ப முடியாம இருந்தாரு. எதுக்குங்கய்யான்னு நாங்கூடக் கேட்டேன். சிரிச்சாரே ஒழிய சொல்லல." மூத்தவர் எண்ணெய்த் துணியைத் துண்டென்று நினைத்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கரி. யாரும் சிரிக்கவில்லை.

என் தொழில்புத்தி போகுமா? "ஃபோர்க்கை அதது இடத்துக்கு மாற்றிப் பூட்டிவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க" என்றார்கள். இரண்டு பேரும், ஒரே குரலில்.

இருந்தபடியே பூட்டிக் கொடுத்தேன். இளையவர் தயங்கித் தயங்கி, "பத்திரிகை இருந்தாக் குடுங்கண்ணா" என்றார்.

"இங்க நிக்க வெச்சுக் குடுத்தா அதுக்குப் பேரு பத்திரிகையா? உன்ற ஊட்டுக்கு வந்துதான் வெப்பேன். கண்ணு, தட்டை எடு."

தாம்பாளத்தைப் பையில் வைத்து, மூத்தவரின் சைக்கிள் கேரியரில் கட்டினாள் கல்யாணப் பெண். அண்ணனும் தம்பியும் அந்தக் குறுகலான ரோட்டில் அக்கம்பக்கமாக மிதித்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த ஜீப்காரர் ஹாரன் அடித்தும் வழிவிடவில்லை. நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

இப்போதெல்லாம் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்காமல் எந்த சைக்கிளைப் பற்றியும் நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கும் இரண்டு மகள்கள். அவர்கள் எதற்காவது முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்காரும்போது, தான் இருக்கப்போகாத ஒரு சண்டைக்காக உடம்பு முடியாத காலத்தில் மழையில் ஸ்பேனரோடு உட்கார்ந்த அந்த அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். முகம்கூடப் பார்த்திராத அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றைக்கும் குறையவில்லை.