தண்ணீர்த் தொட்டி தெரியாத காலை

என் மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று குடும்பமே நம்பியது. துறைமுக வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மொட்டைமாடி ஏறி, எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தண்ணீர்த் தொட்டி நானூறு மீட்டர். ஆலைப் புகைபோக்கி ஒரு கிலோமீட்டர். கலங்கரை விளக்கம் நான்கு. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மளிகைச் சீட்டில்கூட மாமா அப்படித்தான் செய்வார்.

“பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பான். அதான் இன்னும் ஒண்டிக்கட்டை” என்பாள் அம்மா. தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு நாள், காலை ஆறு மணிக்கு எதிரிப் படகு நம் ரோந்துப் படகைச் சுட்டது, கரையில் நின்ற வீரர்கள் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அதன் கொடியைக் கண்ணால் பார்த்தார்கள் என்று அதிபர் தொலைக்காட்சியில் சொன்னார். போர் தொடங்கியது. மேட்டுத் தெருவில் எங்களுக்கு அன்று வானம் பளிச்சென்று இருந்தது. துறைமுகத்திலோ மாமாவுக்குத் தண்ணீர்த் தொட்டியே தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. மறுநாள் தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்து பதிவேட்டை அவர் முன் நகர்த்தினார்கள். மாமா கோடு போட்டார். நான்கு கிலோமீட்டர் என்று எழுதினார்.

படையில் பெயர் கொடுப்பதற்கு முன் என் அண்ணன் அவரைத்தான் கேட்டான். எங்கள் சமையலறையில், அம்மா பக்கத்தில் நிற்க.

“மாமா, அன்னைக்கு நீங்கதானே டியூட்டி? நெஜமாவே படகு தெரிஞ்சிருக்குமா?”

“கலங்கரை விளக்கமே தெரிஞ்சுதுடா மாப்ள.”

அண்ணன் போனான். நான்காவது மாதம் பெட்டியில் வந்தான். முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர் மாமா.

ஏழு வருடம் கழித்து ஆட்சி கவிழ்ந்து, போர் தொடங்கிய விதம் பற்றி விசாரணை வந்தது. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய வாரம் மாமாவைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அம்மாவும் நானும் கடைசி வரிசையில் இருந்தோம். திரையில் காட்டிய பதிவேட்டில், கோட்டுக்கு அடியில் பழைய எண் தெளிவாகத் தெரிந்தது: நூறு மீட்டர்.

“இதை ஏன் மறைக்கவில்லை?” என்றார் நீதிபதி.

“அழிக்கக் கூடாதுங்கய்யா. அது விதி.”

சபை சிரித்தது. பொய்யைக்கூட விதிப்படி எழுதிய மனிதர்! தலைநகரிலிருந்து வந்த இருவரையும் மாமா அடையாளம் காட்டினார். பத்திரிகைக்காரர்கள் கைகுலுக்கினார்கள்.

சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட? எம்புள்ள கேட்டப்போ இந்த நாக்கு எங்க மேயப் போச்சு?”

“வேல போயிடும்னு பயந்துட்டேன்க்கா. நான் எழுதலன்னாலும் போர் நடந்திருக்கும்.”

“நடந்திருக்கும். அவன் போயிருக்க மாட்டான்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மா பக்கம் போய் நின்றேன். அதிபர் பொய்யர்தான், ஆனால் அண்ணன் அதிபரை நம்பவில்லை, அதனால்தான் மாமாவைக் கேட்டான்.

“பெரியவங்க சொன்னாங்க, நான் என்ன பண்ண முடியும்...” என்று இழுத்தார்.

“உன் பேருக்குக் கோடு போட்டுட்டேன்” என்றாள் அம்மா. “கையெழுத்தும் வேணுமா?”

கதவைச் சாத்தினாள்.