கிளந்தான் வழியாக ஈப்போ

எங்கள் சொந்தத்தில் அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கல்யாணமோ கருமாதியோ, நான்கு பேர் கூடிவிட்டால் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். 'கிளந்தான் வழியாக ஈப்போவுக்குப் போனவர்.' எங்கள் மலையிலிருந்து ஈப்போ நகரத்துக்கு மேற்கே இறங்க வேண்டும். கிளந்தான் மாநிலம் அதற்கு நேர் எதிரே, கிழக்கே இருக்கிறது. அந்தப் பயணத்தின்போது எனக்கு ஒன்பது வயது. காரின் பின்சீட்டில் உட்கார்ந்து நடந்தது அத்தனையையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்த எனக்குத்தான் எல்லாரையும்விடக் குழப்பம் அதிகம்.

அப்பா பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் குடியிருந்தோம். அந்த வருடம் அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். எங்கள் ஊர்ப் பேச்சில் காடி. அதன் முன்பக்கத்தில் ஒரு கண்ணாடித் திரை பதித்திருந்தது. பாட்டும் அதில்தான், வழியும் அதில்தான். போகவேண்டிய ஊரைத் தட்டிவிட்டால் ஒரு பெண் குரல் மலாயில் வழி சொல்லும். இடப்பக்கம் திரும்ப 'பெலோக் கிரி', வலப்பக்கம் என்றால் 'பெலோக் கானான்'. லயத்து ஆண்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். திரையில் எங்கள் லயம் இல்லை. தேயிலைக் காடு முழுவதும் வெறும் பச்சையாக இருந்தது, அதன் நடுவில் ஒரு அம்புக்குறி நின்றது. அதுதான் நாம் என்றார் அப்பா. படத்தில் இல்லாத இடத்தில் நாம் எப்படி இருக்க முடியும் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

காரோடு ஓர் ஆங்கிலக் கையேடும் வந்தது. அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவர்தான் உண்டு, அத்தை. அப்பாவின் தங்கை. பள்ளிக் கடைசித் தேர்வான ஐந்தாம் பாரம் நன்றாகத் தேறி, தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தார். மாலையில் காரிலேயே உட்கார்ந்து அத்தை ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்ல, அப்பா வேதம் கேட்பதுபோல் கேட்பார். கிளம்புவதற்கு முன்பே ஊரைப் போட்டுவிட வேண்டும். வண்டி ஓடும்போது ஓட்டுபவர் திரையைத் தொடக்கூடாது. மாற்ற வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். வெளியே அடிக்கிற ஹார்ன் கேட்கும் அளவுக்குத்தான் ரேடியோ வைக்க வேண்டும். எங்கள் மலையில் பனி இறங்கினால் எதிரே வரும் லோரி ஹார்னால்தான் தெரியும். அதனால் கடைசி விதியை அப்பா கேட்டவுடனே, "பாரு, நம்ம ரோட்டப் பாத்தே எழுதியிருக்கான்," என்றார்.

அன்றிலிருந்து அத்தைக்கு முன்சீட்டு. வளைவுகளில் தலை சுற்றும் அம்மா பின்சீட்டில் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்குப் போகக்கூட அத்தை ஊரைத் தட்டினால்தான் அப்பா சாவியைத் திருப்புவார். குரல் திரும்பச் சொன்னால் "சரிங்க" என்று மரியாதையாகப் பதில் வேறு. கண்ணை மூடியபடியே அம்மா சொல்வார், "பன்னெண்டு வருசமா நான் சொல்லி ஒருநாள் திரும்பாத மனுசன். அவ சொன்னா திரும்புறாரு."

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. நர்ஸ் படிக்கத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதே வாரம் ஈப்போவிலிருந்து பெரியப்பாவும் வந்தார். அப்பாவின் அண்ணன். தாத்தா பாட்டி காலமான பிறகு குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது என்றார். கடிதத்தை அத்தை காட்டியபோது அவர் கையில்கூட வாங்கவில்லை. "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ள வீட்ல கேட்டுக்கலாம் லா," என்றார். அத்தை அப்பாவைப் பார்த்தார். லோரியில் சிங்கம்போல் உட்காரும் அப்பா, பெரியப்பா முன்னால் பெட்டிப்பாம்பு. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அத்தை அழுதார், சாப்பிடாமல் படுத்தார். பிறகு ஒருநாள் கடிதத்தை மடித்து, காரின் கையேட்டுக்குள் வைத்து டேஷ்போர்டில் போட்டு மூடிவிட்டார். கல்லூரியில் சேர வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நிச்சயத்துக்கு ஐந்து நாள்.

நிச்சயம் ஈப்போவில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். அதற்குள் இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றியாக வேண்டும். தட்டெல்லாம் ஈப்போவிலேயே பெரியப்பா ஏற்பாடு. பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் எங்கள் பொறுப்பு. "நேரத்துக்குக் கொண்டாந்துடு, அது போதும்," என்று அப்பாவிடம் போனில் இரண்டு தடவை சொன்னார்.

காலையில் எட்டரைக்குக் கிளம்பினோம். அத்தை பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக முன்சீட்டில் உட்கார்ந்து ஈப்போவைத் தட்டினார். நான் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டித் திரையைப் பார்த்தேன். நீலக்கோடு மேலே போய் இடப்பக்கம் வளைந்திருந்தது. ரேடியோவில் தமிழ்ப் பாட்டு, விதிப்படி மெதுவாக. கியா பார்மில் சனிக்கிழமைக் கூட்டம், ஸ்ட்ராபெரி வாங்க நிற்கிற கார்கள். அதைத் தாண்டியதும் பனி. கம்போங் ராஜா வருவதற்குள் அம்மா வழக்கம்போல் தூங்கிவிட்டார்.

கம்போங் ராஜாவைத் தாண்டி, பெரிய ரோடு பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால், அப்பா காரை ஓரம் கட்டினார். எதற்கு நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. டேஷ்போர்டைத் திறந்து கையேட்டை எடுத்தார். கடிதத்தின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் புத்தகத்தோடு அத்தையின் மடியில் வைத்தார்.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு? நிறுத்தி வச்சுத்தான் மாத்தணும்னு போட்டிருக்கா?"

"ஆமாண்ணே."

"அப்ப மாத்தணும்னா இங்கயே மாத்திடு. வண்டி ஓட ஆரம்பிச்சா யாரும் தொடக்கூடாது."

"நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது? மேசின் சொல்ற பக்கம் திருப்பப் போறேன். கண்ணாடி மங்கலா இருக்கு, தொடச்சிட்டு வாரேன்."

துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன்கண்ணாடியை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி பின்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பனியில் அது துடைக்கத் துடைக்க மங்கியது. இவ்வளவு நேரம் யாராவது துடைப்பார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அத்தை மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டித் திரையைத் தட்டினார். நீலக்கோடு மறைந்து மறுபடி வந்தது. இப்போது அது வலப்பக்கம் வளைந்திருந்தது.

"அத்த, கோடு மாறிடுச்சு," என்றேன்.

"சும்மா இரு கண்ணு," என்றார்.

நான் சும்மா இருந்தேன். மெசின் விஷயத்தில் அத்தைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? வேறு ஏதோ குறுக்கு வழி என்று வைத்துக்கொண்டேன்.

அப்பா ஏறினார். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோடு பிரிகிற இடத்தில் குரல் "பெலோக் கானான்" என்றது. அப்பா "சரிங்க" என்று சொல்லி வலப்பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரத்தில் ரேடியோவில் தமிழ்ப் பாட்டு இரைச்சலாகி நின்றது. அந்த இடத்தில் கிளந்தான் மலாயில் ஒருவர் வேகமாகப் பேச ஆரம்பித்தார். ரேடியோ மாறிவிட்டது என்று சொன்னேன். மலைக்கு நடுவில் அப்படித்தான் என்றார் அப்பா. இடையில் ஒரு போர்டு வந்தது. பள்ளியில் கற்றதைக் காட்ட நான் சத்தமாக 'குவா மூசாங்' என்று படித்தேன். அது கிளந்தானில் இருக்கிற ஊர் என்று அப்போது எனக்குத் தெரியாது. "பேசாம வா. மேசின் பேசறது கேக்கல," என்றார் அப்பா. மெசினோ வெகுநேரமாக ஒன்றுமே பேசவில்லை. பனி விலகி வெயில் வந்தது. காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கவேண்டிய பயணத்தில் அது முகத்தில் அடித்தது. எனக்கு அது தவறு என்று சொல்லத் தெரியவில்லை, ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது.

கடைசியில் அந்த வெயில்தான் அம்மாவை எழுப்பியது. கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார்.

"என்னங்க இது, எங்க வந்திருக்கோம்?"

"ஈப்போ போற வழிதான். மேசின் சொல்லுச்சு."

"ஐயோ, லோஜிங் தாண்டி கிளந்தானுக்குள்ள வந்துட்டீங்க. மணி என்ன ஆவுது?"

மணி பத்தேகால். அப்பா காரை நிறுத்தி, இப்போதுதான் பார்ப்பவர்போல் திரையைப் பார்த்தார். "அட, தப்பாக் காட்டிடுச்சு லா," என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். போனில் சிக்னல் இல்லை. அத்தை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். எனக்குத் தாங்கவில்லை. நிச்சயம் போய்விட்டதே என்றுதானே அழுகிறார் என்று பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து, "அழாதீங்க அத்த, இதைவிட நல்ல மாப்பிள்ள கிடைப்பாங்க," என்றேன். அத்தை அழுகையோடு சிரித்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு மேலும் குழப்பமாகிப் போனது.

வந்த வழியே திரும்பி, மலையிறங்கி ஈப்போ மண்டபத்தில் நுழையும்போது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பந்தி நடந்துகொண்டிருந்தது. தட்டுகள் மேல் போட்ட துணியை யாரும் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, "தட்டு மாத்தறதுக்கு முந்தியே பொண்ணு வழி தப்பிடுச்சு. சகுனம் சரியில்ல, வேணாம்," என்றார். பெரியப்பா எவ்வளவோ கெஞ்சினார். பிறகு எல்லார் முன்னாலும் அப்பாவிடம் திரும்பினார்.

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்கடா போச்சு? மேசின் சொன்னா கிளந்தானுக்கு ஓட்டிருவியா? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லடா நீ."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மேசின நம்பிட்டேண்ணே," என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கூடவே கொஞ்சம் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. இனிமேல் அந்தப் பெண் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன் என்று பெரியப்பா கையைக் கழுவிவிட்டார். மூன்றாவது வாரம் அப்பாவே அத்தையைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். அன்று மெசின் வழி தவறவில்லை.

அத்தை இன்று ஒரு மருத்துவமனையில் மூத்த தாதி. அன்று கோட்டை மாற்றியது அத்தைதான் என்பது எனக்குப் பதினைந்து வயதில் புரிந்துவிட்டது. பெரிய கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். ஏமாந்த அப்பாவை நினைத்துப் பாவப்பட்டேன். அப்படியேதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

போன வருடம்தான் நானே காரோட்டிக்கொண்டு ஈப்போவிலிருந்து தனியாக வந்தேன். அந்த ரோடு பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு போர்டு. ஈப்போவுக்கு இடப்பக்கம் அம்பு. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் தவறாது. அதன் கீழே ஒரு காய்கறி லோரி கோஸ் மூட்டைகளோடு இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் லோரியும் அந்தக் காலத்தில் வாரத்துக்கு நான்கு முறை ஈப்போ சந்தைக்கு அங்கேதான் திரும்பும். அந்த லோரியில் மெசின் கிடையாது. ரேடியோகூட வேலை செய்யாது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மேசின் சொல்லுச்சு, திரும்புனேன்," என்றார். "உன் காடியிலயும் பெரிய திரையா இருக்கே. ஓட்டறப்ப தொடாத."

நிச்சயம் நின்றுபோன அந்தத் திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் செய்தேன். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று, அப்பா மெசினுக்குச் 'சரிங்க' சொல்லிக் கிளந்தானுக்குப் போன கதையை நடித்தே காட்டினேன். வகுப்பே உருண்டு சிரித்தது. மாலையில் அது மனதை அரித்ததால் அப்பாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் லோரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எல்லாரும் நம்புனாங்களாம்மா?" என்று கேட்டார். நம்பினார்கள் என்றேன். நல்லது என்று சொல்லி மறுபடி குனிந்துகொண்டார். நம்பாமல் இருப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, அப்பா ஏன் இப்படிக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே நான் விளையாடப் போய்விட்டேன்.