அண்ணர் எண்ணிய எரிக்கா இலைகள்

அண்ணரின் ஆண்டுத் திருப்பலி முடிந்து, பந்திக்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களே, சோறு ஆறுவதற்குள் இதை வாசித்துவிடலாம். எனக்கு அதிகம் எழுத வராது. ஆனால் அண்ணரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அண்ணர் மன்னார் பேசாலையில் பிறந்தார். எங்கள் ஐயா கடலோடு போனபின் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வலை இழுத்தார். சண்டைக் காலத்தில் இத்தாலியில் பலெர்மோ வந்து, வீடு வீடாய்த் துடைத்த சம்பளத்தில் தங்கச்சி என்னையும் கூப்பிட்டார். அங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் நாலாம் மாடியில் இருந்தோம். அவர் கலியாணம் கட்டவில்லை. கேட்டால், அவ்வளவு படி ஏற ஒரு பெண்ணும் சம்மதிக்கவில்லை என்பார்.

அவருடைய பெரிய குணம் பணிவு. மூத்தவர் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அந்தக் குணத்தால் ஒரு புத்தகமே கெடப் பார்த்தது.

கடைசியாக அவர் வேலை செய்தது ஒரு வயோதிபப் பேராசிரியர், எங்கள் வாயில் புரொபெஸ்ஸோரே, வீட்டில். செடிகொடி படித்தவர். நாங்கள் வெறுங்காலோடு நேர்த்திக்கு ஏறும் மொன்தே பெல்லெகிரினோ மலையில் எரிக்கா என்று ஒரு பற்றைச் செடி தானாக வளர்கிறது. ஆயுள் முழுக்க அதைப் படித்துப் புத்தகம் முடிக்கும் நேரம் அவருக்குப் பார்வை போய்விட்டது. அண்ணர் அவருக்குக் கண்ணானார். வியாழன்தோறும் இருவரும் பஸ்ஸில் மலைக்குப் போவார்கள். புரொபெஸ்ஸோரே மடக்குக் கதிரையில் இருந்து கேட்பார். அண்ணர் முழங்காலில் நின்று பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொல்லி, கொப்பியில் எழுதுவார்.

இடுப்பளவுதான் வளருமாம். எரிக்காச் சாதியில் பலதுக்குச் சுண்ணாம்பு ஆகாது, இதுவோ சுண்ணாம்புப் பாறை வெடிப்பில் பசளையும் கேளாமல் நிற்கும். ஊசி இலை, ஓரம் கீழே சுருண்டு ஈரத்தை மிச்சம் பிடிக்கும். மாரி தொடங்க இளஞ்சிவப்பாய், சின்ன மணிகள் போலப் பூக்கும். மகரந்தப் பைகள் பூவின் வாய்க்கு வெளியே கறுப்பாய் நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்புப் பிடித்தாலும் அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கும். இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாய் நிற்கும். ஒரு வட்டத்தில் நாலு, சிலதில் ஐந்து.

அந்த நாலும் ஐந்தும்தான் வில்லங்கம். புரொபெஸ்ஸோரே, "நாலு இலைதானே?" என்பார். அண்ணரின் கண்முன்னே ஐந்து நிற்கும். "ஓம், புரொபெஸ்ஸோரே" என்று நாலு எழுதுவார். வயதுபோன மனிதரை மறுத்துப் பேசுவது எப்படி? இரண்டு மாரி இப்படிப் போயிற்று.

ஒருநாள் புரொபெஸ்ஸோரே, இந்த மலை எரிக்கா வேறெங்கும் இல்லாத ஒழுங்குள்ளது, ஒரு செடிகூடப் பிசகவில்லை, இதையே முதல் அதிகாரமாய் அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று பூரித்துப்போய்ச் சொன்னாராம்.

அண்ணர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். விஷயத்தைக் கேட்டு, "பேசாமல் இருங்கோ அண்ணை. இலையை ஆர் எண்ணப் போகினம்? இந்த வயசிலை உங்களுக்கு வேறை வேலை ஆர் தருவினம்?" என்று சொன்னவள் நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

"அந்த மனுசன் என்ரை கண்ணாலை பாக்கிறார், தங்கச்சி," என்றார். மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார்.

புரொபெஸ்ஸோரே கொப்பியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்தாராம். பிறகு, "எத்தினை செடிக்குப் பொய் சொன்னனீர்?" என்றார்.

"அது பொய்யோ, புரொபெஸ்ஸோரே? மரியாதை."

"எத்தினை செடிக்கு மரியாதை செய்தனீர்?"

"எல்லாத்துக்கும்."

வெளியே போகச் சொல்லிவிட்டார். ஒரு கிழமை அண்ணர் வீட்டிலேயே இருந்து என் சட்டி பானையை எல்லாம் மினுக்கினார். எட்டாம் நாள், திரும்பி வரச் சொல்லி டெலிபோன் வந்தது. அண்ணருக்குப் பதிலாய்ப் புதிதாய் வந்தவர், கறிக்குப் போடும் ரோஸ்மரினோச் செடியை எரிக்கா என்று நீட்டினாராம். புரொபெஸ்ஸோரே மணத்திலேயே பிடித்துவிட்டார்.

முதல் செடியிலிருந்து திரும்ப எண்ணினார்கள். சோதித்துப் பார்க்க அவர், "மூண்டு இலைதானே?" என்று கேட்டார். அண்ணருக்கு வியர்த்துவிட்டதாம்.

"இல்லை. அஞ்சு."

மூத்தவர் ஒருவரிடம் அண்ணர் சொன்ன முதல் "இல்லை" அது. பிறகு நிற்கவில்லை. பிரசங்கம் சுருக்கமாய் இருந்ததா என்று சுவாமியார் கேட்டார், இல்லை என்றார். ஒரு கலியாண வீட்டில், மகள் வடிவாய்ப் பாடினாள்தானே என்று தாய் கேட்க, அண்ணர் சொன்ன பதில் வீடியோவிலும் இருக்கிறது. அந்தக் குடும்பம் இரண்டு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. இன்று வந்திருக்கிறார்கள், நன்றி. புத்தகம் சரியான கணக்கோடு, முதல் பக்கத்தில் அண்ணரின் பெயரோடு வந்தது.

கடைசியாய் வருத்தம் வந்து கிடந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். வலி குறைந்துவிட்டதுதானே என்று டாக்டர் கேட்டால் இல்லை என்பார். அதனால்தான் மருந்தை மாற்றினார்கள், கடைசிக் கிழமை வலியில்லாமல் நித்திரை கொண்டார்.

அப்போது நானும் ஒன்று கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"அண்ணை, உங்களை நான் நல்லாய்ப் பாத்தனான்தானே?"

மேலே பார்த்தபடி நெடுநேரம் யோசித்தார். ஒவ்வொன்றாய் எண்ணுகிறார் என்று விளங்கியது.

"கஞ்சி ஒருநாளும் சரிவரேல்லை," என்றார். "மற்றதெல்லாம் ஓம்."

அவரைக் கதிரையோடு நாலு மாடி தூக்கி இறக்கிய கீழ்வீட்டாருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், எங்களோடு நின்று அழுத எல்லாருக்கும் நன்றி. கஞ்சிக்கு அரிசி கொண்டுவந்து தந்த மச்சாளுக்கும் நன்றி. அரிசியில் பிழை இல்லை.