என் இடப்பக்கம் நின்றவர்

முதலில் வந்தது வாசனை. ஈரக் கருங்கல்லை மெஷினில் அறுக்கும்போது வருமே, அந்த வாசனை. மாமல்லபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது புதிதல்ல. எங்கள் தெருவில் பகல் முழுக்க அதுதான். ஆனால் அன்று நான் நின்றது சிறுசேரியில், ஒரு மென்பொருள் அலுவலகத்தின் ஆறாவது மாடியில், ஏசி போட்ட மீட்டிங் அறையில்.

அங்கே நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பதினான்கு பெண்கள் என் கீழ் வேலை செய்கிறார்கள். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும், பட்டால் விடமாட்டேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'சிசிடிவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியாததுபோல் இருந்துகொள்வேன்.

அன்று காலை, துடைத்து முடித்த கண்ணாடிச் சுவரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றிலிருந்து ஏதோ தொண்டைவரை ஏறியது. லிஃப்ட் வேகமாக இறங்கும்போது ஏறுமே, அப்படி. அடுத்த நொடி என் இடது தோளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார்.

கண்ணாடியில் நான் மட்டும்தான் தெரிந்தேன். திரும்பிப் பார்த்தேன், காலி நாற்காலிகள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாமலே அவர் இன்னும் என் பின்னால்தான் நின்றார். என்னைவிட ஒரு முழம் உயரம். மூச்சுச் சத்தம் கிடையாது. எனக்குத் துளியும் பயம் வரவில்லை. அழுகை வந்தது. கையில் இருந்த துணி தரையில் கிடந்தது. அதை எப்போது போட்டேன் என்று தெரியவில்லை.

வலிப்பு நோய் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஜெபிக்கிற குடும்பங்கள். இந்த நோயை வேறொன்றாக எடுத்துக்கொள்வது எங்களுக்கு ரொம்பச் சுலபம்.

வாரத்துக்கு இரண்டு முறை அவர் வந்தார். முதலில் கல் வாசனை, பிறகு வயிறு, பிறகு அவர். எப்போதும் இடப்பக்கம். யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. சிறுவயது முதல் யாரைக் கூப்பிட்டு வந்தேனோ அவர் வந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் சாட்சி நேரத்தில் (கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சொல்லும் நேரம்) எழுந்து நின்று சொல்லியும்விட்டேன். பாதிப் பேர் அழுதார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் எனக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. நான் ஜெபித்துக்கொண்டே இருப்பேன். திடீரென்று குரல் நின்று உதடு மட்டும் அசையும். உடனே சுற்றியிருக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் டேவிட் டிவியை நிறுத்திவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருப்பார். இவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர், சாதாரணமாக டிவியை நிறுத்துகிற ஆளே இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஸ்டெல்லா எங்கள் தெருவில் ஒரு சிலைப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். செதுக்கி முடித்த சிலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்குகிற வேலை. வயது முப்பத்தெட்டு. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வலது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது, எஸ்தர் அக்கா ஜெபம் பண்ணு என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். வாசனை வந்தது. அவர் வந்தார். நான் நீளமாக, அழகாக ஜெபித்ததாக எனக்கு ஞாபகம். கண் திறந்தபோது ஸ்டெல்லா என் கால்மாட்டில் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"'ஒண்ணும் இல்ல'ன்னு ரெண்டு தபா சொன்னக்கா" என்றாள்.

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நினைவில்லாததே எனக்குப் பெரிய அத்தாட்சியாகத் தெரிந்தது. என் வாயால் அவர் பேசியிருக்கிறார் என்று நினைத்தேன். "சொல்லிட்டாருல்ல, அப்புறம் இன்னா? தைரியமா போ" என்று அனுப்பிவைத்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து, கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது கேளம்பாக்கம் தாண்டி எனக்குக் கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். புடவை நனைந்துவிட்டது. நான் அதட்டி வேலை வாங்குகிற பெண்கள்தான் துப்பட்டாவால் என்னை மூடிப் பிடித்திருந்தார்கள். நினைவு வந்தபோது வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈ.இ.ஜி. (மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாகப் பதிவு செய்வது) எடுத்தார்கள். நரம்பு டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். இதற்கு முன் எப்போதாவது சிறிதாக ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். வெறித்துப் பார்ப்பது, வாயை மெல்வது, துணியை நிமிண்டுவது?

டேவிட் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஜெபம் பண்ணும்போது இப்டித்தான் இருப்பா டாக்டர். நடுவுல கூப்ட்டா பாவம்னு நாங்க சும்மா உக்காந்துகினு இருப்போம். வீடியோகூட கீது."

உபவாசக் கூட்டத்தில் ஒரு சகோதரி போனில் எடுத்து சபை வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். எனக்கு என்னையே பார்க்கக் கூச்சம், அதனால் அதுவரை அதைத் திறந்ததில்லை. டாக்டர் போனை மேசைமேல் எங்கள் இருவருக்கும் தெரியும்படி வைத்தார்.

ஸ்டெல்லாவின் தலையில் கை வைத்து நான் முழந்தாளில் நிற்கிறேன். இரண்டு வாக்கியம் பேசுகிறேன். குரல் நின்றுபோகிறது. என் ஞாபகத்தில் இருந்த அழகான ஜெபம் அதில் இல்லவே இல்லை. கண்கள் திறந்தபடி இருக்கின்றன. வாய் வெறுமனே மெல்லுகிறது. இடது கை முந்தானையை நிமிண்டி நிமிண்டி விடுகிறது. அந்த முகத்துக்குள் யாரும் இல்லை. என் முகம்தான், ஆனால் நான் அங்கே இல்லை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அதன் முன்னால் தலை குனிந்திருக்கிறார்கள்.

ஒன்றரை நிமிடம் கழித்து யாரோ மெதுவாக, "அக்கா, இன்னாச்சு?" என்று கேட்கிறார்கள். அந்த முகம் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து, "ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல" என்கிறது. ஸ்டெல்லா அப்படியே கீழே சாய்கிறாள். "ஸ்தோத்திரம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

டாக்டர் வீடியோவை நிறுத்தினார். வாசனை, வயிறு, இடப்பக்கம் வந்து நிற்பவர் எல்லாவற்றையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இது ஃபோக்கல் சீஷர் (மூளையின் ஓர் இடத்தில் மட்டும் தொடங்கும் வலிப்பு) என்றார். வாசனையும் வயிறு ஏறுவதும் ஆரா (வலிப்பு தொடங்கும்போது முதலில் தெரியும் அறிகுறி). வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பக்கத்தில் ஆள் நிற்பதுபோல் தோன்றுவதும் அதனால் வரக்கூடியதுதான் என்றார்.

"மாத்திரை போட்டா அவரு வரமாட்டாரா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "வலிப்பு வராதும்மா. அவர் வர்றதப் பத்தி என் படிப்புல எதுவும் இல்ல" என்றார்.

மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஐந்து நாள் டேவிட் கண்ணெதிரில் வாயில் போட்டு, குளியலறையில் துப்பினேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் படிக்கிறவர்களில் யாராவது இன்று அதைச் செய்துகொண்டிருக்கலாம், அதனால் எழுதுகிறேன். எனக்கு நோய் போக வேண்டும், அவர் போகக் கூடாது.

ஆறாம் நாள் மதியம் வீட்டில் தனியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கல் வாசனை வந்தது. அவர் வந்து நின்றார். இப்போது என் முகம் எப்படி இருக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும். நினைவு முழுதாக மூடிக்கொள்வதற்குள் கேட்டேன்: ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது நீங்களா?

பதில் வரவில்லை. இத்தனை மாதத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சார்பில் பேசியதெல்லாம் நான்தான்.

நினைவு வந்தபோது வெங்காயம் முழுக்க நறுக்கி முடிந்திருந்தது, பொடிப்பொடியாக, ஒரே அளவில். கத்தி என் கையிலேயே இருந்தது. நறுக்கியது யார் என்று எனக்குத் தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எழுந்துபோய் மாத்திரையை விழுங்கிவிட்டு, டேவிட்டின் போனிலிருந்து அனுப்பிக்கொண்ட வீடியோவுடன் பட்டறைக்கு நடந்தேன்.

பட்டறை முழுக்க அதே வாசனை. அங்கே அது நிஜம். ஆனாலும் இது வெளியிலிருந்து வருகிறதா, எனக்குள்ளிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. வரிசையாக நின்ற சிலைகளுக்கு இன்னும் கண் திறந்திருக்கவில்லை. எந்த நொடியும் நானும் அவற்றைப்போல் ஆகிவிடலாம், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம் அவசரமாகச் சொன்னேன்: அன்று வந்தது வலிப்பு, நீ ஆஸ்பத்திரிக்குப் போ.

ஸ்டெல்லா தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "இவ்ளோ வரம் வாங்கிகினு எவ்ளோ தாழ்மையா பேசற பாரு. என் விசுவாசத்த சோதிக்கிறியாக்கா?"

"கட்டி எப்டி கீது? தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தா நம்பலன்னு ஆயிடாதா? அன்னியிலருந்து தொடவே இல்ல. குளிக்க சொல்லோகூட அந்தப் பக்கம் கை வெக்கறது இல்ல."

போனை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு முறை பார்த்தாள்.

"அப்ப எனக்கு அத சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல ஸ்டெல்லா. என் வாயி ஒளறிச்சி. அப்புறம் தைரியமா போன்னு சொன்னேனே, அது மட்டும் நெனவோட சொன்னது. அது என் திமிரு."

அவள் ஜாக்கெட்டுக்குமேல் மெதுவாகக் கையை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "மூணு மாசம்க்கா" என்றாள். என் பக்கம் திரும்பாமல் உப்புத்தாளை எடுத்துச் சிலையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஆனால் மறுநாள் காலை பஸ்ஸுக்கு வந்து நின்றாள். செங்கல்பட்டு போகும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பயாப்ஸியில் (கட்டிக்குள் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று வந்தது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில்தான் இருக்கிறது, அறுவை செய்துவிட்டு மருந்து ஏற்றலாம் என்றார்கள். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டேன். "இப்ப வந்துட்டாங்கல்ல" என்றார் அந்த டாக்டர்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். முன்பு சொன்னது என் நோய், சாட்சி அல்ல என்றேன். யாரும் அழவில்லை. மாத்திரை போட்டு ஆவியானவரைத் துரத்திவிட்டாள் என்று ஒரு சகோதரி என் காதுபடவே சொன்னாள். பாஸ்டரோ, எஸ்தர் போடுகிற மாத்திரை நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று ஜெபித்தார். அவரை நான் இதற்கு முன் அவ்வளவாக மதித்ததில்லை.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்று வாரத்தில் என் இடப்பக்கம் அவர் வருவது நின்றது. பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போவதுபோல் என் கவனம் இடது தோளுக்குப் போய்ப்போய் வந்தது. அந்தப் பக்கம் உடம்பு சட்டென்று முடிந்துவிட்டதுபோல் இருக்கும். பல நாள் அழுதேன். ஜெபிக்க உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் உட்கார்ந்தேன். யாரும் நிற்காதபோதும் கூப்பிடத் தெரிந்ததே, அதை மட்டும் என் விசுவாசம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அலுவலகத்தில் கண்ணாடியில் ரேகை இருந்தால் இன்றும் விடுவதில்லை. ஆனால் துணியை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி போய்விட்டது, நாக்கு மட்டும் கூர்மை. இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "எழுது, எழுது, ஒண்ணும் வுடாம எழுது" என்றாள். அதனால் அவளுடைய ஆபரேஷன் நாளையும் எழுதுகிறேன்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் அவள் தன் தோடுகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "ஜெபம் பண்ணுக்கா" என்றாள். என்னிடமா கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன். தலையில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். நாலைந்து வார்த்தைதான் வந்தது. அவள் கண் திறந்து என் முகத்தையே பார்த்தாள்.

"வந்தாராக்கா?"

"தெரியல ஸ்டெல்லா. கூப்ட்டுகீறேன்."

அவள் தலையை ஆட்டினாள். கதவு மூடியது.

வராந்தாவில் சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். மணி பத்தே முக்கால். என் வலப்பக்கம் டேவிட் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஓர் அம்மா வந்து, என் இடப்பக்க நாற்காலியைக் காட்டினார்.

"இங்க ஆளு கீதாம்மா?"

அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார்.

"இல்லம்மா. உக்காருங்க."

உட்கார்ந்தார். கனத்த உடம்பு, அவருடைய முழங்கை என் இடது கையில் அழுந்தியது. சூடாக இருந்தது. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. ஸ்டெல்லாவை வெளியே கொண்டுவந்தபோது இரண்டேகால். அவ்வளவு நேரத்தில் ஒரு நிமிடம்கூட எனக்குத் தெரியாமல் போகவில்லை.