இரண்டாம் பாகம் சின்னவருக்கு

வட கொல்கத்தாவில் ஒரு ஜமீன் மாளிகையின் நூலகத்தை வீரராகவன் கவனித்துவந்தார். அங்கே பிரெஞ்சுப் புத்தகங்கள் ஏராளம். அட்டவணை போடுவதற்காக அகராதியோடு உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றவர், அதிலேயே மூழ்கிப்போனார். பழைய பிரெஞ்சு அரசர் ஒருவரின் நூலகத்தைக் காத்த அறிஞரின் வாழ்க்கை வரலாறு இரண்டு பாகங்களாக இருந்தது. சாப்பிடும்போது, படித்ததை மனைவி வசந்திக்குக் கதையாகச் சொல்வார்.

வீரராகவன் முதல் பாகத்தை முடித்திருந்த சமயத்தில், 1996இல் ஜமீன்தார் இறந்தார். மாளிகையை விற்ற மகன்கள் இருவரும், புத்தகங்களைச் சரிபாதியாகப் பிரித்துத் தரச் சொன்னார்கள்.

“ஒரே புத்தகத்தின் பாகங்களைப் பிரிக்கவேண்டாம் பாபு, பாதியை வைத்துக்கொண்டு யாரும் படிக்க முடியாது” என்று கெஞ்சினார் வீரராகவன்.

“யார் படிக்கப்போகிறார்கள்? எங்களுக்குள் சண்டை வராமல் இருந்தால் போதும்” என்றார் மூத்தவர்.

வீரராகவனே தன் கையால் பிரித்துக் கட்டிக் கொடுத்தார்.

அன்று வசந்தி கேட்டாள்: “அந்த மனுஷரை அரண்மனையிலேருந்து அனுப்பிட்டாளே, அப்புறம் என்ன ஆச்சு?”

“தெரியாது. ரெண்டாம் பாகம் சின்னவர் ஆத்துக்குப் போயிடுத்து.”

பிறகு அவர் கரியாஹாட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். எதையும் படிக்கவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல், 2003இல் வசந்தி ஜாதவ்பூரில் இருந்த இளையவரின் வீட்டுக்கு அந்த இரண்டாம் பாகத்தைக் கேட்டுப் போனாள். மழைத் தண்ணீர் புகுந்து ஊறிப்போனதால் எல்லாவற்றையும் எறிந்துவிட்டதாக அவர் வருத்தத்தோடு சொன்னார்.

வீடு திரும்பி வீரராகவனிடம் அதைச் சொன்னாள்.

“பிரிச்சது நான்தானே” என்றார் அவர்.